பால் திருடிகள்

தம்பி மனைவி போன மாதம் பிரசவ விடுப்பு முடிந்து, இங்கே கல்கத்தாவில் சால்ட் லேக்கில் உள்ள தன் அலுவலகத்துக்குத் திரும்பினாள். தினமும் போகும்முன் ஒரு சின்ன இயந்திரத்தை வைத்துத் தாய்ப்பாலை எடுத்து, புட்டிகளில் ஊற்றி, ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் அடுக்கிவிட்டுப் போகிறாள். இன்று காலை தயிர் எடுக்கத் திறந்தேன். நான்கு புட்டிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டி, தேதியும் நேரமும் நீல மையில் எழுதியிருந்தாள். சாய்ந்த, அழகான ஆங்கில எழுத்து. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "எவ்வளவு நேரம்டி தெறந்தே வச்சிருப்ப?" என்று அம்மா கூடத்திலிருந்து கத்தினாள்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உன்னிடம் நான் கடைசிவரை சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை இன்றைக்காவது எழுதிவிட வேண்டும்.

உன் அப்பா தூத்துக்குடிக்காரர், துறைமுக அலுவலகத்தில் வேலை, கிடர்பூரில் குவார்ட்டர்ஸ். என் அப்பா திருச்சி, கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ். கல்லூரியில் வகுப்புக்கே நாம் இரண்டு பேர்தான் தமிழ். மற்றவர்கள் முன்னால் என்னை நீ "ஏட்டி" என்று கூப்பிடுவதும், அவர்கள் அதையே என் பெயர் என்று நினைத்துக்கொண்டதும் உனக்கு நினைவிருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் இருவரும் ஒரே ஆய்வகத்தில் உதவியாளர்களாகச் சேர்ந்தோம். சார் கொடுத்த வேலை: தாய்ப்பாலில் பாலிஅமைன் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது.

அப்போது அந்தச் சொல்லை யாரிடம் சொன்னாலும் விழிப்பார்கள். உயிரணு ஒன்று இரண்டாகப் பெருக வேண்டுமானால் அதற்கு வேண்டிய சிறுசிறு பொருள்கள் அவை. தாயின் பாலில் கரைந்து பிள்ளையின் குடலுக்குப் போகின்றன. பிறந்த குழந்தையின் குடல் பிஞ்சு. அது முற்றி வளர இவை உதவுகின்றன என்பதுதான் சாரின் எண்ணம். டின் பாலில் இவை மிகக் குறைவு. வறுமையில் பெற்ற தாயின் பாலிலும் குறையாமல் இருக்கிறதா என்று நாம் பார்க்க வேண்டும். "வயித்துக்குச் சோறில்லாதவளும் பிள்ளைக்கு இதக் குடுத்துருதாளான்னு பாக்கணும், அவ்வளவுதான்" என்று நீ உன் அம்மாவுக்கு விளக்கினாய். அதைவிட நன்றாகச் சார்கூடச் சொன்னதில்லை.

அந்தப் பொருள்களின் பெயர்கள்தான் உன்னைச் சிரிக்க வைக்கும். ஒன்று அழுகலில் கண்டுபிடித்ததால் வந்த பெயர், புட்ரெசின். மற்ற இரண்டும் ஆண் விந்தில் முதலில் கண்டதால் ஸ்பெர்மின், ஸ்பெர்மிடின். "ஏட்டி, அம்மைப் பாலுக்குள்ள இருக்கிறதுக்கு இந்தப் பாவிகளுக்கு வேற பேரே கெடைக்கலையா?" என்றாய். கண்ணாடித் தகட்டில் பாலின் சாற்றைப் பொட்டுப் பொட்டாக வைத்து, இருட்டறையில் ஊதா விளக்கின் அடியில் நீட்டுவோம். அவை மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும். முதல்முறை பார்த்தபோது நீ என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாய். ரத்தம் வந்தது. நீ கவனிக்கவில்லை.

துறைமுகத்துக்குப் பின்னால், கூலி ஆட்கள் குடியிருந்த சந்தில்தான் நமக்குப் பால் கிடைத்தது. வாரம் இருமுறை ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவோம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் கொடுத்தார்கள். அதில் மாலதிக்குப் பத்தொன்பது வயதுகூட இருக்காது. இரண்டு மாதப் பெண் குழந்தை. அவள் புருஷன் கப்பலில் மூட்டை இறக்குகிறவன். அவன் அண்ணன் நிமாய் ஒரு சுங்க ஏஜெண்டிடம் வேலை பார்த்தான். நாள் முழுக்கச் சரக்குப் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் ஆங்கிலத்தைப் படிப்பதுதான் அவன் பிழைப்பு. சந்தில் ஆங்கிலம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"பெட்டி மேல வெறும் நம்பர் போதும்" என்று நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. சாருக்கு எல்லாம் முறையாக இருக்க வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற பெருமையும் எனக்கு உண்டு. என்ன சோதனை, என்னென்ன பொருள்கள் என்று மூன்று பெயர்களையும் கொட்டை எழுத்தில் எழுதி மூடியில் ஒட்டினேன்.

அன்று காலை பத்து மணி இருக்கும். மாலதி தன் வாசலில் உட்கார்ந்து புட்டியில் பால் பிழிந்து உன்னிடம் கொடுத்தாள். நீ மூடியைத் திறக்கப் போனாய். வேலைக்குக் கிளம்பிய நிமாய் பெட்டியின் முன் நின்றான். உதடுகளை அசைத்துப் படித்தான். மறுபடியும் படித்தான். பிறகு உள்ளே பார்த்துத் தன் தம்பியைக் கூப்பிட்டான். வங்காள மொழியில் அவன் சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது. "உன் பெண்டாட்டி பாலில் இவர்கள் ஆம்பளை விந்தைத் தேடுகிறார்கள். எழுதியே வைத்திருக்கிறார்கள், வந்து பார்."

நீ சிரித்தபடி விளக்கப் போனாய். அதற்குள் மாலதியின் புருஷன் வெளியே வந்துவிட்டான். அவன் எதையும் கேட்கவில்லை. அவள் தலைமயிரைக் கையில் சுற்றி வாசலிலிருந்து தெருவுக்கு இழுத்தான். குழந்தை அவள் மடியிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது. அவன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, திறந்திருந்த மார்பிலேயே அடித்தான். "யாருடைய பால்? யாருக்குக் கொடுத்தாய்?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டான். மூன்றாவது அடியில் பாலும் ரத்தமும் சேர்ந்து தெறித்தன.

நான் குழந்தையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நீதான் எடுத்தாய். எடுத்து அடுத்த வீட்டுக்காரியின் கையில் திணித்துவிட்டுத் திரும்பினாய். "விடுல நாயே!" என்று தமிழில் கத்திக்கொண்டு ஐஸ் பெட்டியைத் தூக்கி அவன் முதுகில் போட்டாய். பெட்டி பிளந்தது. புட்டிகள் கல்லில் விழுந்து உடைந்தன. அத்தனை பேருடைய பாலும் சாக்கடையில் ஓடியது. அதைப் பார்த்த ஒரு கிழவி முதலில் கத்தினாள். "தூத் சோர்!" பால் திருடி. அப்புறம் சந்து முழுக்க அதையே கத்தியது. நம்மால்தான் குழந்தைகள் வயிறு நிறையாமல் அழுகின்றன என்று ஒருத்தி சொன்னாள். பாலை விற்கிறோம் என்று இன்னொருத்தன் சொன்னான். நேற்றுவரை நமக்கு டீ கொடுத்தவர்கள். செருப்பால் அடித்தார்கள். மூங்கிலால் அடித்தார்கள். உன் புடவை கிழிந்தது. நீ குனிந்தபோது யாரோ ஒரு செங்கல்லை எடுத்து உன் இடது காதுக்கு மேல் இறக்கினான். அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. பச்சைத் தேங்காயை அம்மியில் மோதினால் வரும் சத்தம்.

நீ விழுந்தாய். விழும்போது என் பக்கம் கையை நீட்டினாய்.

நான் ஓடினேன்.

இதைத்தான் நான் உன்னிடம் சொல்லவில்லை. போலீஸைக் கூப்பிட ஓடியதாக ஊர் முழுக்க நம்பியது. துறைமுக வாசல் இடது பக்கம். அங்கே எப்போதும் இரண்டு காவலர்கள் நிற்பார்கள், எனக்குத் தெரியும். நான் வலது பக்கம் ஓடினேன். நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் தொற்றினேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டதற்குத் தர்மதலா என்றேன். அங்கே இறங்கி டிராம் நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மேல் ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த ஒரு வங்காளப் பெரியம்மா, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றாள். பசிக்கிறது என்றேன். அவள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றேன். நீ செத்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

மாலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். "நீதான் போலீசக் கூட்டிட்டு வந்தியாம்லா? எம்புள்ள உசுரு ஒன்னாலதாம்மா நிக்கி." யாரோ ஒரு பெண் ஓடிவந்து சொன்னாள் என்று காவலர் சொன்னாராம். அது நான்தான் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அழுகைதான் வந்தது. அழுததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் உனக்கு நினைவு திரும்பியது. மண்டையோட்டில் விரிசல், பதினான்கு தையல், இடது காது போயிற்று. உன் அம்மா நான் செய்ததாகச் சொன்னதைக் கேட்டாய். என்னை ரொம்ப நேரம் பார்த்தாய். "ஆமா, இவதான் போனா" என்றாய்.

ஏழாம் நாள் நீ வீட்டில் கட்டோடு படுத்திருந்தபோது, குழந்தையை வாங்கி வைத்திருந்த அந்த அடுத்த வீட்டுக்காரி குவார்ட்டர்ஸைத் தேடி வந்தாள். மாலதியின் பால் கெட்டுவிட்டது என்று புருஷன் தடுத்துவிட்டானாம். டின் பால் வாங்கி வந்திருக்கிறார்கள். ஒரு டின் ஒரு மாதம் வரவேண்டும் என்று மாமியார் ஒரு கரண்டி மாவைச் செம்பு நிறைய தெருக்குழாய்த் தண்ணீரில் கலக்குகிறாளாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தாய் ஒளிந்து இரண்டு தடவை மார்பில் போட்டாள், கண்டுபிடித்து இருவரையும் அடித்தார்கள். இப்போது குழந்தை அழுவதில்லை என்றாள்.

"அழலையா?" என்று நீ எழுந்து உட்கார்ந்தாய். "ஏட்டி, நான் போறேன். நீ வாரியா?"

"பைத்தியமாடி உனக்கு? கொன்னுடுவாங்க."

"அந்தப் பிஞ்சு செத்தா நம்ம கொன்னதுதானட்டி. நான் பெட்டியத் தூக்கிட்டுப் போவலன்னா அது பால் குடிச்சிட்டுத்தான கெடந்திருக்கும்?"

என் எழுத்து என்று நீ சொல்லவில்லை. உன் பெட்டி என்றாய். நான் வந்தேன். வராமல் இருக்க முடியவில்லை.

சந்து நம்மைப் பார்த்து ஒதுங்கியது. உன் தலைக்கட்டில் ரத்தம் கசிந்திருந்தது. அதைச் செய்தவர்கள் அதைப் பார்க்க விரும்பவில்லை போலும். மாலதியின் அறை ஒரே அறை. மூலையில் அவள் கிடந்தாள். மார்பு இரண்டும் கல்லாய் வீங்கி, பெல்ட் பட்ட இடம் பழுத்து, உடம்பு கொதித்தது. பாயில் குழந்தை. கண்கள் குழிந்து, உச்சி பள்ளமாகி, தோல் கிள்ளினால் கிள்ளினபடி நின்றது. பக்கத்தில் புட்டியில் சாம்பல் நிறத் தண்ணீர்.

நீ அந்தப் புட்டியை எடுத்துச் சுவரில் அடித்தாய். டின்னையும் தூக்கி வெளியே எறிந்தாய். மாமியார் உன் கட்டைப் பிடித்து இழுத்தாள். புருஷன் உன் முகத்தில் ஓங்கி அறைந்தான். நீ சுவரில் மோதிச் சரிந்தாய். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் மறுபடி கையை ஓங்கினபோது உன் கையில் அடுப்படியில் கிடந்த அரிவாள்மணை இருந்தது. இங்கே மீன் அரிகிற போன்ட்டி, மீன் செதில் ஒட்டியபடியே. அவன் கை அதில் பட்டு மணிக்கட்டுவரை பிளந்தது. அவன் அலறிக்கொண்டு வெளியே ஓடினான். நீ வாசலை மறித்து நின்றாய். காதிலிருந்து கழுத்துக்கு ரத்தம் வழிந்தது. உடைந்த வங்காளத்தில் சொன்னாய்:

"யாராவது உள்ளே வந்தால் வெட்டுவேன். மாலதி, பிள்ளையை எடு. பால் கொடு."

அவள் எழுந்தாள். குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பு இல்லை. அவள் தன் மார்பைத் தானே பிசைந்து அதன் வாயில் பிழிந்தாள். வலியில் அவள் போட்ட சத்தம் கேட்டு வெளியே நின்ற ஆண்கள் தலை குனிந்தார்கள். அங்கே நின்ற பெண்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். செங்கல் விழுந்த அன்று நம்மைச் செருப்பால் அடித்தவள் அவள். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, குழந்தையின் தொண்டை அசைந்தது. "குடிக்கி ஏட்டி, குடிக்கி" என்றாய் என்னிடம். போன்ட்டியைக் கீழே போடவே இல்லை.

அந்தப் பெண்ணே ஒரு டாக்சியைக் கூட்டி வந்தாள். மாலதியும் குழந்தையும் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இருவரும் பிழைத்தார்கள். அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலைக்குப் போனாள். புருஷன் தன் வெட்டுக்காயத்தைப் பற்றி எங்கும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் உன் மண்டையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

நிறுவனம் நம்மைப் பற்றி யோசித்தது. விஷயம் வெளியே வேண்டாம் என்றார்கள். வேலையை நிறுத்தினார்கள். கையில் மிஞ்சியிருந்த மாதிரிகளை நாம் இருவரும் சோதித்தோம், ஞாபகம் இருக்கிறதா? அதில் மாலதியுடையதும் ஒன்று, அந்த அடிதடிக்கு முந்தின வாரம் எடுத்தது. ஊதா விளக்கில் மற்ற எல்லோருடையதையும் போலவே ஒளிர்ந்தது. இவ்வளவு குறைந்த எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார் சார். அவர் சொன்னது சரிதான். அந்தத் தகடுகள் எந்தப் பெட்டியில் போயினவோ.

உனக்கு வலிப்பு அடுத்த வருடம் தொடங்கியது. தலைக்குள் இருந்த தழும்பு என்றார்கள் டாக்டர்கள். நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் கடிதம் போட்ட அன்று, "நல்லவேள, தப்பிச்சான்" என்று சிரித்தாய். உன் அப்பா ஓய்வு பெற்று ஊருக்குக் கூப்பிட்டபோது போகவில்லை. டாக்குரியாவில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அறை எடுத்து, பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக் கொடுத்தாய். எங்கே போனாலும் உன் வலது பக்கம் நான் நடப்பேன். கேட்கிற காது அந்தப் பக்கம். பத்துப் பன்னிரண்டு வருடம் அந்தக் காதுக்கு அருகிலேயே நடந்தும், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு வலிப்பிலும் உன் வாயில் நுரையைத் துடைக்கும்போது, இன்று சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். நீ தெளிந்து கண் விழித்ததும், "ரொம்பப் பயந்துட்டியாட்டி?" என்பாய். அவ்வளவுதான், என் வாய் மூடிக்கொள்ளும்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குளியலறையில் வந்தது அது. கதவை உடைத்தபோது முடிந்துவிட்டிருந்தது. செங்கல் விழுந்த அன்றே உன்னைக் கொல்லத் தொடங்கினார்கள். கொன்று முடிக்க இத்தனை வருடம் ஆயிற்று. நான் உன்னைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அப்படித்தான் நினைக்கிறேன். என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துத்தான்.

மின்சாரச் சுடுகாட்டுக்கு மாலதி வந்திருந்தாள். கூடவே அவள் மகள், ஸ்கூல் யூனிஃபார்மில், அம்மாவைவிட உயரமாக. இரும்புக் கதவு மூடினபிறகு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போல் இருந்தது. "மாலதி, அன்றைக்குப் போலீஸைக் கூப்பிட்டது நான் இல்லை" என்றேன்.

"தெரியும் அக்கா" என்றாள். "நான்தானே கூப்பிட்டேன்."

அவள் புருஷனும் மற்றவர்களும் உன்னை அடிக்கத் திரும்பியபோது அவளை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரியிடமிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, கிழிந்த ரவிக்கையோடு, செருப்பில்லாமல் துறைமுக வாசலுக்கு ஓடினாள். இடது பக்கம்.

"ஆஸ்பத்திரியில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து வார்டு. போன்ட்டி எடுத்த அன்று அவளுக்குத் தையல் பிரிந்துவிட்டதே, அப்போது. நான் அவளிடம் எல்லாம் சொன்னேன். நீங்கள் பஸ்ஸில் ஏறியதை நான் பார்த்ததையும் சொன்னேன். எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்தது."

"அவள் என்ன சொன்னாள்?"

"யாரிடமும் சொல்லாதே என்றாள். 'பயந்து ஓடினவளும் உயிரோடு இருந்தாக வேண்டும்' என்றாள்."

அப்படியானால் பத்துப் பன்னிரண்டு வருடமாக உனக்குத் தெரியும். உன் வீட்டில் உன் அம்மா கையால் நான் சாப்பிட்ட ஒவ்வொரு சாப்பாட்டின்போதும் தெரியும். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாயா? சொல்லவே வேண்டாம் என்று விட்டுவிட்டாயா? அதைக் கேட்க இனி இடமில்லை.

போன குளிர்காலத்தில், மத்தியான நேரம், டாக்குரியா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒருவன் தன் மனைவியை அடித்துக்கொண்டிருந்தான். அவள் இடுப்பில் கைக்குழந்தை. அடி அவள் மேலும் விழுந்தது, அதன் மேலும் விழுந்தது. நாற்பது பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். சோனார்பூர் வண்டி வந்து நின்றது, என் வண்டி. ஏறியிருக்கலாம். நான் போய் நடுவில் நின்றேன். அவன் முழங்கை என் தாடையில் பட்டது. வாயெல்லாம் ரத்தம். நான் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரண்டாவது அடி நெற்றியில். அப்புறம்தான் நான்கு பேர் வந்து அவனைப் பிடித்தார்கள்.

அன்றும் என் கால்கள் ஓடத்தான் பார்த்தன. உன்னிடம் இனிப் பொய் சொல்ல மாட்டேன். சிறுநீர்கூடப் பிரிந்துவிட்டது. கடைவாய்ப் பல் ஒன்று பாதி உடைந்துபோயிற்று. மூடி போட்டுவிடலாம் என்கிறார் பல் டாக்டர். வேண்டாம் என்றேன். அதன் கூர்முனையில் நாக்கு ஒருநாளைக்கு நூறு தடவை படுகிறது. படும்போதெல்லாம் உன்னிடம் சொல்லிக்கொள்கிறேன்: நின்றேன் ஏட்டி.